அந்தச் சீசன் நடக்கவே இல்லையாம்!

சிரக்யூஸ் பல்கலைக்கழக லாக்ரோஸ் அணி எத்தனை முறை தேசிய சாம்பியன் ஆனது? கேட்டுவிட்டு நாலடி தள்ளி நின்றுகொள்ளுங்கள். நியூயார்க் மாநிலத்தின் நடுவில், குளிர்காலம் வந்தால் பனியை வாரிக்கொட்டுகிற அந்த ஊரில், ஆரஞ்சுச் சட்டை போட்ட யாரும் யோசிக்காமல் ‘பதினொன்று’ என்பார்கள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை ஆட்டிவைக்கிற என்.சி.ஏ.ஏ. அமைப்பின் பதிவேட்டைப் புரட்டினால் ‘பத்து’ என்று இருக்கும். நடுவில் காணாமல் போன அந்த ஒன்றைத் தேடித்தான் இப்போது பின்வாசல் வழியாக உள்ளே போகிறோம். சத்தம் போடாமல் வாருங்கள்.

நான் ஒன்றைத் தேடித்தான் போனேன். உள்ளே போனால் இரண்டு கிடந்தன! 1957, 1990. இரண்டு சீசனிலும் சிரக்யூஸ் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. இரண்டு சீசனுக்கும் இன்றைக்கு என்.சி.ஏ.ஏ. கணக்கில் பட்டம் கிடையாது. பிந்தையதற்கு வீடியோ இருக்கிறது, ஆனால் ஜெயித்ததாகச் சொல்லக் கூடாது. முந்தையது பெரும்பாலும் கண்டவர் வாய்ச்சொல்லாகவே இருக்கிறது. அதனால் வருஷத்துக்கு வருஷம் வளர்கிறது. எது நிஜம் என்று கேட்டால் எனக்கு இன்னும் சிரிப்புதான் வருகிறது.

முதலில் ஆட்டம். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் நம் கிரிக்கெட்டோடு கூடவே இதுவும் திரும்ப வருகிறது, அதனால் இப்போதே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. கல்லூரி ஆண்கள் ஆட்டத்தில் பக்கத்துக்குப் பத்துப் பேர். ஆறடிக்கு ஆறடி சதுரமான கோல். கெட்டியான ரப்பர் பந்து. ஆளுக்கொரு ஸ்டிக், அதன் தலையில் சின்ன வலை. பந்தைக் கையால் தொடாமல் வலையிலேயே ஏந்தி ஓட வேண்டும், வலையாலேயே வீச வேண்டும், எதிராளி தன் ஸ்டிக்கால் உங்கள் ஸ்டிக்கை ‘படார் படார்’ என்று அடித்துக்கொண்டே வருவான். பந்து விழாமல் இருக்க ஸ்டிக்கை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டிக்கொண்டே ஓடுவார்கள். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயருக்கு நேர்ப்பொருள், தொட்டிலாட்டுவது. ஹெல்மெட் மாட்டிய முரட்டுப் பையன்கள் முழு வேகத்தில் தொட்டிலாட்டிக்கொண்டு ஓடுகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள்!

இந்தத் தொட்டிலில்தான் முதல் தகராறு.

1957 வசந்தம். ஜிம் பிரௌன் கல்லூரிக் கடைசி ஆண்டு. பிற்பாடு கிளீவ்லாந்து அணிக்காக அமெரிக்கக் கால்பந்து ஆடி, அந்த ஆட்டத்தின் மிகப் பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவராகி, அப்புறம் ஹாலிவுட்டிலும் ஒரு கை பார்த்தாரே, அவரேதான். ஆறடி இரண்டங்குலம், ஏறக்குறைய நூறு கிலோ, ஓட்டத்தில் மான். அந்த உடம்பின் கையில் லாக்ரோஸ் ஸ்டிக். பிளாஸ்டிக் தலை வைத்த ஸ்டிக் புழக்கத்துக்கு வந்தது 1970 வாக்கில்தான். அதுவரை ஹிக்கரி மரத்தைப் பிளந்து, நீராவியில் வளைத்து, காயவைத்து, மாதக்கணக்கில் செய்த கைவேலை. ஒரு பக்கச் சுவர் மரம், மறு பக்கம் தோலும் நரம்பும் பின்னிய தடுப்பு. கையில் வாங்கினால் கனம் தெரியும்.

பிரௌன் தொட்டிலை ஆட்டவில்லை என்பார்கள். நம் ஊரில் அம்மாக்கள் பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பஸ் பிடிக்க ஓடுவார்களே, அந்த மாதிரி ஸ்டிக்கை நெஞ்சோடு சேர்த்து முழங்கை மடிப்பில் இடுக்கிக்கொண்டு, மறு கையால் வழியில் நின்றவர்களை ஒதுக்கிக்கொண்டே கோலுக்குப் போவாராம். அடித்துத் தட்டிவிட ஸ்டிக்கே வெளியே தெரியாது. ‘இவருக்காகவே விதியை மாற்றினார்கள், ஸ்டிக்கை உடம்போடு அணைத்துப் பிடிக்கக் கூடாது, அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று எழுதினார்கள்’ என்பது சிரக்யூஸில் பிறக்கும் பிள்ளைகளுக்குத் தாலாட்டோடு சொல்லிக்கொடுக்கிற பாடம். உடம்போடு அணைத்துப் பிடிக்கக் கூடாது என்ற விதி இன்றும் இருக்கிறது. அது அவர் ஒருவருக்காக வந்ததா என்று பின்னால் நின்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு சாட்சி கிளம்புவார்கள். என் கட்சியைக் கேட்டால், விதி எழுதியவர்களுக்கு வேறு காரணம் ஆயிரம் இருந்திருக்கும், ஆனாலும் இந்தக் கதையை விட எனக்கு மனசில்லை.

அதைவிடப் பெரிய கதை அந்த மே மாதச் சனிக்கிழமை. ஒரே நாளில் சிரக்யூஸுக்கு இரண்டு போட்டி. கோல்கேட் கல்லூரியோடு தடகளம். ராணுவ அகாடமி அணியோடு லாக்ரோஸ். இரண்டிலும் பிரௌன் வேண்டும்! போனார். உயரம் தாண்டுதலில் முதல், வட்டெறிதலில் முதல், ஈட்டி எறிதலில் இரண்டாமிடம். பிறகு லாக்ரோஸ் களத்தில் இறங்கினார். சிரக்யூஸ் 8-6. பத்துக்குப் பத்து வெற்றியோடு சீசன் முடிந்தது.

இதுவரை தகராறில்லை. இனிமேல்தான் சமையல். ஒரு சொல்லலில் தடகளம் முழுக்க முடிந்து, மூச்சு வாங்கி, உடை மாற்றி, பிறகு ஆட்டம். இன்னொரு சொல்லலில் லாக்ரோஸ் உடையிலேயே வட்டெறிந்துவிட்டு ஓடிவந்தார். மூன்றாவது சொல்லலில் ஆட்டத்தின் இடைவேளையில் போய் எறிந்துவிட்டு வந்தார். இன்னும் இருபது வருஷம் போனால் ஒரு கையில் ஈட்டியும் மறு கையில் பந்துமாக ஒரே நேரத்தில் இரண்டையும் எறிந்தார் என்று ஆகிவிடும். ஆச்சரியம் என்னவென்றால், சர்க்கரை சேர்க்காமல் சொன்னாலே தித்திக்கிற நாள் அது. அப்படியும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

அந்த ஆண்டு பத்து ஆட்டத்தில் அவர் போட்டது 43 கோல், கோலுக்கு வழிசெய்த பாஸ் 21. இந்த ‘அசிஸ்ட்’ கணக்கு கொஞ்சம் வழுக்கல் என்பது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். கோல் விழுந்தால் விழுந்தது. அசிஸ்ட் அப்படியில்லை. பாஸ் வாங்கியவன் அந்தப் பாஸாலேயே கோல் போட்டானா, அல்லது வாங்கி, நாலு பேரைத் தாண்டி, சொந்தச் சாமர்த்தியத்தில் போட்டானா? மேஜையில் பென்சிலோடு உட்கார்ந்திருக்கும் ஸ்கோரர்தான் முடிவு செய்வார். பின்னாளில் பொன்னெழுத்தில் பொறிக்கிற எண்களில் பாதி, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒருவர் எடுத்த அவசரத் தீர்ப்பு.

சரி, பத்துக்குப் பத்து. கோப்பை எங்கே?

பால்டிமோரில்! 1936 முதல் 1970 வரை கல்லூரி லாக்ரோஸுக்கு இறுதிப் போட்டி என்பதே கிடையாது. சீசன் முடிந்ததும் சங்கத்தார் கூடி, யார் யாரோடு ஆடினார்கள், எதிரி எவ்வளவு கெட்டி என்று எடைபோட்டு, விங்கேட் கோப்பையை யாருக்குத் தருவது என்று சொல்வார்கள். 1957-க்கான கோப்பை அந்த ஊர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனது. கர்நாடக சங்கீதத்துக்குத் தஞ்சாவூர் எப்படியோ, லாக்ரோஸுக்கு பால்டிமோர் அப்படி. வடக்கே பனிக்காட்டிலிருந்து ஒரு அணி வந்து ‘நாங்கள் தோற்கவேயில்லை’ என்றால், ‘யாரோடு ஆடித் தோற்கவில்லை தம்பி?’ என்று கேட்கிற இடம். கேள்வியில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மைதானத்தில் கேட்க வேண்டியதை மேஜையில் கேட்டார்கள்.

இந்த மேஜைக் கூத்து எவ்வளவு தூரம் போனது தெரியுமா? 1967-இல் கோப்பையை மூன்று அணிகளுக்குப் பங்கு போட்டார்கள். 1970-இல் மறுபடியும் மூன்று பங்கு: ஹாப்கின்ஸ், கடற்படை அகாடமி, வர்ஜீனியா. வேடிக்கை, அந்த ஆண்டு ஒரு ஆட்டமும் தோற்காத கார்னெல் அந்த மூன்றில் இல்லை! பந்தியில் மூன்று இலை போட்டு, பசியோடு வந்தவனை வாசலில் நிறுத்திய கதை. அடுத்த ஆண்டு என்.சி.ஏ.ஏ. முறையான போட்டித் தொடரை ஆரம்பித்தது. 1971-இன் முதல் இறுதிப் போட்டியில் மேரிலாந்தை 12-6 என்று சாய்த்துக் கோப்பையைத் தூக்கியது யார்? அதே கார்னெல். சிரக்யூஸின் 1957-க்கு அப்படி அடுத்த ஆண்டு வாய்க்கவில்லை. பிரௌன் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

போவதற்கு முன் அந்த 1957 அணியின் கோல்கீப்பரை ஒரு நிமிஷம் பார்த்துவிடுவோம். ஓரன் லயன்ஸ். ஒனண்டாகா இனத்தவர். பல்கலைக்கழகத்துக்குக் கொஞ்சம் தெற்கே போனால் அவர்கள் மண். லாக்ரோஸே அவர்களுடையதுதான், ஒனண்டாகா உள்ளிட்ட ஹோடினோஷோனி கூட்டமைப்பு மக்களுக்கு இது படைத்தவன் மகிழ ஆடுகிற ஆட்டம், நோய் தீர வேண்டி ஆடுகிற மருந்து. வெள்ளைக்காரர்கள் பார்த்துக் கற்றுக்கொண்டு விதி எழுதியது மிகப் பிந்தி, 1860-களில், ஒரு மான்ட்ரியல் பல் டாக்டரின் கைவண்ணத்தில். லயன்ஸ் பிற்பாடு தம் மக்களின் நம்பிக்கைக் காவலர் என்ற பொறுப்பை ஏற்றவர். கோல் காவலிலிருந்து மரபுக் காவலுக்கு!

அவர் மரபில் நினைவைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு. சிப்பி மணிகளைக் கோத்துப் பட்டையாகப் பின்னுவார்கள், பெயர் வாம்பம். உடன்படிக்கையும் வரலாறும் அதில். ஆனால் பட்டை தானாகப் பேசாது. அதைக் கையில் ஏந்தி, எந்த வரிசை என்ன சொல்கிறது என்று ஒருவர் சபையில் எடுத்துச் சொல்ல வேண்டும். கேட்டவர் அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். கூட்டமைப்பில் அந்தப் பட்டைகளைக் காப்பவர்கள் ஒனண்டாகாக்கள். நெடுங்காலம் நியூயார்க் மாநில அருங்காட்சியகத்தில் இருந்த 12 பட்டைகள் 1989-இல்தான் அவர்களிடம் திரும்பின. பொருள் ஒரு இடத்தில், அதைப் படிக்கத் தெரிந்த வாய் இன்னொரு இடத்தில் என்று கிடந்தால் என்ன ஆகும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதே 1989-இல், சில மைல் வடக்கே, பல்கலைக்கழகத்தின் கூரை போட்ட அரங்கில் ஆடிக்கொண்டிருந்த இரண்டு பையன்களின் அடுத்த சீசனுக்கும் அந்தக் கதி காத்திருந்தது.

கனடாவின் விக்டோரியாவிலிருந்து வந்த இரட்டையர்கள். கேரி கெய்ட், பால் கெய்ட். சட்டை எண், கேரிக்கு 22, பாலுக்கு 19. கனடாவில் நாலு சுவருக்குள் ஆடுகிற லாக்ரோஸில் வளர்ந்தவர்கள். இண்டு இடுக்கில் புகுவது, முதுகுக்குப் பின்னாலிருந்து வீசுவது எல்லாம் அவர்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. அமெரிக்கப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் உள்ளபடி ஆடிக்கொண்டிருந்தபோது இவர்கள் சர்க்கஸ் கொண்டுவந்தார்கள்.

1988-இல் கேரி செய்ததை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று என் வீட்டில் சொல்வதில்லை. கோலுக்குப் பின்பக்கம் பந்தோடு நிற்கிறார். எதிரே கோலைச் சுற்றி வட்டம், அதற்குள் அவர் கால் படக் கூடாது. பொதுவாக இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சுற்றித்தான் வர வேண்டும். இவர் நேராக ஓடிவந்து, வட்டத்துக்கு வெளியிலிருந்து எம்பி, காற்றில் மிதந்தபடியே கையை நீட்டி, மேல் குறுக்குக் கம்பிக்கு மேலே ஸ்டிக்கைக் கொண்டுபோய், முன்பக்கமாகப் பந்தை உள்ளே குத்திவிட்டார்! கோல்கீப்பர் முன்னால் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவர் தலைக்குப் பின்னாலிருந்து பந்து வருகிறது. கிணற்றடியில் குனிந்திருப்பவர் முதுகில் பின்னாலிருந்து வாளித் தண்ணீரைக் கொட்டியது போல. ‘ஏர் கெய்ட்’ என்று பெயர் வைத்தார்கள். அப்புறம் விதிகள் இறுகின.

இங்கே என் பங்குக்கு ஒரு வாக்குமூலம். பல நாளாக நான் இதை இறுதிப் போட்டி என்றே சொல்லித் திரிந்தேன். ‘சாம்பியன்ஷிப் மேட்ச்சில் போய் இப்படி ஒரு துணிச்சல்!’ என்று கையை ஆட்டிக் கதை வேறு. கிடையாது. அது அரையிறுதி, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு எதிராக. இறுதியில் எதிரணி கார்னெல், 13-8. இன்னொன்று, ஒரு தடவை என்றும் நினைத்திருந்தேன். அதே ஆட்டத்தில் இரண்டு தடவை செய்திருக்கிறார்! வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்த மண்டையிலேயே இவ்வளவு ஓட்டை. 1957 மைதானத்தில் கண்ணால் பார்த்தவர்களை நான் எந்த முகத்தோடு கிண்டல் செய்வது?

1988 பட்டம், 1989 பட்டம், இனி 1990. பதிமூன்று ஆட்டம், பதிமூன்று வெற்றி. இறுதிப் போட்டியில் லொயோலாவை 21-9 என்று துவைத்து எடுத்தார்கள். கல்லூரி லாக்ரோஸின் மிகச் சிறந்த அணி எது என்ற சண்டையில் இன்றைக்கும் முதலில் அடிபடுகிற பெயர்களில் ஒன்று இந்த 1990 அணி.

சில ஆண்டுகள் கழித்துப் பேனா வந்தது.

குற்றம் என்ன என்று கேட்டு மூக்கில் விரலை வைத்துக்கொள்ளுங்கள். பால் கெய்ட் கார் வாங்கக் கடன் எடுத்தார். அந்தக் கடன் பத்திரத்தில் கூடக் கையெழுத்துப் போட்டவர் பயிற்சியாளரின் மனைவி. நம் ஊரில் ஜாமீன் கையெழுத்து என்போமே, அதேதான். கல்லூரி ஆட்டக்காரர்கள் மற்ற மாணவர்களுக்குக் கிடைக்காத சலுகை எதையும் வாங்கக் கூடாது என்பது அந்தக் காலத்து என்.சி.ஏ.ஏ. சட்டம். ஆகவே பால் அந்தத் தொடரில் ஆடத் தகுதியில்லாதவர். ஆகவே அந்தத் தொடரில் சிரக்யூஸ் பெற்றது செல்லாது. ஆகவே 1990-இன் சாம்பியன் இடம் காலி. ஜாமீன் போட்டு வீட்டை இழந்தவர்களை நமக்குத் தெரியும். ஜாமீன் போட்டு ஒரு சீசனையே இழந்த கதை வேறெங்கும் நான் கேட்டதில்லை.

இந்த இடத்தில் சிரக்யூஸ்காரர்களின் கட்சியில் நான் முழுசாகச் சேர மாட்டேன். சட்டம் சட்டம்தான், தெரிந்து மீறினார்களா, தெரியாமலா என்று உட்கார்ந்து பேசலாம். ஆனால் ‘காலி’ என்று எழுதுகிற அந்தப் பழக்கம் இருக்கிறதே, அதுதான் வேடிக்கை. தண்டிக்கலாம், அபராதம் போடலாம். நடந்ததை நடக்கவில்லை என்று எப்படி எழுதுவது? அரங்கில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தியவர்களுக்கு யாராவது போய் ‘நீங்கள் அன்றைக்கு வீட்டில்தான் இருந்தீர்கள்’ என்று சொல்ல முடியுமா?

இப்போது எனக்கு மிகப் பிடித்த இடம். 1990-இன் பயிற்சியாளர் ராய் சிம்மன்ஸ் ஜூனியர். 1957-இல் அவர் எங்கே இருந்தார் என்று நினைக்கிறீர்கள்? ஜிம் பிரௌனோடு அதே அணியில்! ஆட்டக்காரராக. கோப்பை கிடைக்காத பத்துக்குப் பத்திலும் அவர் இருந்தார், கோப்பையைப் பிடுங்கிய பதிமூன்றுக்குப் பதிமூன்றிலும் அவரே. 1957-இல் அந்த அணிக்குப் பயிற்சியாளர் யார்? அவருடைய அப்பா, ராய் சிம்மன்ஸ் சீனியர். மகன் பிழைப்புக்குச் சிற்பக் கலையும் கற்பித்தவர். ‘இப்படித்தான் ஆட வேண்டும்’ என்று களிமண்ணை அழுத்தாமல் விட்டதால்தான் கெய்ட் சகோதரர்களின் சர்க்கஸ் நடந்தது என்பது என் துணிபு.

இந்த அணியில் நினைவு இவ்வளவு கெட்டியாக ஒட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணமும் அந்தக் குடும்பக் கட்டில்தான் இருக்கிறது. 1916-இல் தொடங்கிய அணி. இன்றுவரை தலைமைப் பயிற்சியாளர்கள் மொத்தம் ஐந்தே பேர்! லாரி காக்ஸ், அவரிடம் ஆடிய சிம்மன்ஸ் அப்பா, பிறகு மகன், மகனிடம் ஆடிய ஜான் டெஸ்கோ, 2021 முதல் அதே மகனிடம் ஆடிய கேரி கெய்ட். ஆமாம், காலி என்று எழுதிய சீசனில் ஆடிய அதே 22-ஆம் எண்காரர்தான் இன்று அணியை நடத்துகிறார். குரு சிஷ்ய பரம்பரை மாதிரி வாய்வழியாகவே கைமாறி வருகிற இடத்தில், பதிவேடு என்ன சொன்னால் என்ன?

என்ன சொன்னால் என்ன என்று விட்டுவிடவும் முடியவில்லை, கணக்கு இடிக்கிறது. 1983, 88, 89, 93, 95 என்று என்.சி.ஏ.ஏ. கணக்கில் சிம்மன்ஸ் மகனுக்கு ஐந்து பட்டம். 2000, 02, 04, 08, 09 என்று டெஸ்கோவுக்கும் ஐந்து. சரிக்குச் சரி! 1990-ஐச் சேர்த்தால் சிம்மன்ஸுக்கு ஆறு, குரு ஒரு படி மேலே. ஒரு கார் கடன் கையெழுத்து குருவையும் சிஷ்யனையும் ஒரே பலகையில் உட்கார வைத்துவிட்டது. இதில் 1983 வேறு ஒரு ரகம்: ஹாப்கின்ஸுக்கு எதிரான இறுதியில் 12-5 என்று பின்தங்கி, கடைசியில் 17-16 என்று ஜெயித்தார்கள். 12-5-இல் எழுந்து வீட்டுக்குப் போன சிரக்யூஸ் ரசிகர் ஒருவராவது இருந்திருப்பார். தேடிப் பாருங்கள், கிடைக்க மாட்டார். எல்லாரும் கடைசி விசில்வரை இருந்தவர்களே!

வெளியே வரும் வழியில் எதிரணிப் பக்கமும் எட்டிப் பார்த்தேன். 1990-இல் சிரக்யூஸிடமிருந்து பறித்த பட்டத்தை லொயோலாவுக்கும் தரவில்லை. அவர்கள் தோற்றது தோற்றதுதான். ஜெயித்தவர் யாரும் இல்லாத ஒரு இறுதிப் போட்டியில் பன்னிரண்டு கோல் வித்தியாசத்தில் தோற்றுவிட்டு அன்றிரவு பஸ் ஏறியிருக்கிறார்கள். அந்த அணியின் கோல்கீப்பர்கள் வாங்கிய இருபத்தொரு கோலும் எந்தக் கணக்கில் சேரும் என்று மட்டும் யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.